என் மகளுக்குக் கிடைத்த கடற்கரை

"சாளை மீனுக்கு முள்ளெல்லாம் எடுக்க வேண்டாமாம். நல்லா முறுகலா வறுத்துட்டா அப்படியே மென்னு தின்னுறலாமாம். அம்மா சொன்னாங்க" என்றாள் என் மகள் போனில்.

நான் போடியில் எங்கள் வீட்டு அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன். அவளுடைய அம்மா நான்தான். நான் அப்படி எதையும் சொல்லவில்லை.

"எந்த அம்மா?" என்று கேட்டேன்.

"இங்க நான் தங்கியிருக்க வீட்டு அம்மா. வேற யாரு?"

அதன் பிறகும் அவள் ஏதேதோ பேசினாள். எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. பால் பொங்கி அடுப்பு அணைந்துபோனதைக்கூடப் போனை வைத்த பிறகுதான் பார்த்தேன்.

மகள் மதுரையில் சிவில் இன்ஜினியரிங் படித்தாள். படிப்பு முடிந்ததும் கடற்கரைகளை அளக்கிற ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. அவளை அனுப்பிய இடம் தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு மீனவர் ஊர். பக்கத்தில் எங்கோ துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்லைக் கொட்டி அணை நீட்டிய பிறகு, அந்த ஊர்க் கரையைக் கடல் வருசா வருசம் தின்றுகொண்டே வந்திருக்கிறது. பாதிக்கு மேல் போய்விட்டது. இனி, கடலுக்கு அடியில் கிடக்கும் மணலைக் கப்பலால் உறிஞ்சி, குழாய் வழியாகக் கரையில் கொட்டிப் பழையபடி அகலமாக்கப் போகிறார்கள். அதற்கு முன்னால், அந்தக் கரையை யார் யார் எதற்குப் புழங்குகிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டுப் படத்தில் குறித்துக் கொடுக்க வேண்டும். அதுதான் அவள் வேலை. படகு ஏற்றுகிற இடம், வலை உலர்த்துகிற இடம், பிள்ளைகள் பந்து விளையாடுகிற இடம், சாயங்காலம் வெளியூர்க்காரர்கள் காலை நனைத்துவிட்டு பஜ்ஜி தின்கிற இடம், எல்லாம்.

"மணலை அள்ளிட்டுப் போற லாரியத்தான் நான் பாத்திருக்கேன். கொட்டுறதுக்குமா ஒரு படிப்பு?" என்றார் என் வீட்டுக்காரர். பெருமையாகத்தான் சொன்னார்.

அந்த ஊரில் தங்குவதற்கு லாட்ஜ் கிடையாது. மீன் விற்கிற ஒரு அம்மாவின் வீட்டு மாடியில் அவளுக்கு அறை பிடித்துக் கொடுத்திருந்தார்கள். அந்த அம்மாவுக்குக் கணவர் இல்லை. மகன்கள் இருவரும் துபாயில். சாப்பாடும் அங்கேயே என்று கேட்டபோது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. வயசுப் பிள்ளை, ஒரு பொம்பளை துணை இருந்தால் நல்லதுதானே என்று நான்தான் எல்லோரிடமும் சொன்னேன்.

முதலில் "வீட்டுக்கார அம்மா" என்றாள். பிறகு "இங்க அம்மா" என்றாள். கொஞ்ச நாளில் வெறும் "அம்மா" ஆகிவிட்டது. பேச்சின் நடுவில் அந்தச் சொல் வரும்போதெல்லாம், அது நானா அவரா என்று நான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. பெரும்பாலும் அவராகத்தான் இருந்தார்.

எங்களுக்குப் போடிமெட்டுக்கு அப்பால் மலைச்சரிவில் கொஞ்சம் ஏலத்தோட்டம் இருக்கிறது. வீட்டுக்காரர் ராசிங்காபுரத்து வயலைப் பார்த்துக்கொள்வார். மலைக்கு நான்தான். காய் எடுக்கும் பெண்களோடு விடிந்ததும் ஜீப்பில் ஏறினால் இருட்டும்போது இறங்குவேன். மகளுக்குச் சின்ன வயதிலிருந்தே மலை ஆகாது. வளைவு தொடங்கினாலே எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வாள். தோட்டத்துக்கு வந்தாலும், புகை போட்டுக் காய் உலர்த்துகிற ஸ்டோர் வாசலைத் தாண்டமாட்டாள். பள்ளிக்கூட நாட்களில் அவளைக் காலையில் எழுப்ப நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. அப்படிப்பட்டவள், இப்போது விடிவதற்கு முன்பே எழுந்து கடற்கரைக்கு ஓடுகிறாள். கரைவலை இழுக்கிறதைப் படம் எடுத்து அனுப்புகிறாள். ஒரு படத்தில் அவளே வலைக்கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். பின்னால் இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தார். அதுதான் அந்த அம்மா என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். என்னைவிடக் கொஞ்சம் பெரியவராக இருப்பார். பல்வரிசை நன்றாக இருந்தது.

அடுத்த வாரம் ஒரு பார்சல் அனுப்பினேன். முறுக்கு, பருப்புப்பொடி, அதோடு கையால் ஒவ்வொன்றாகப் பொறுக்கிய பச்சை ஏலக்காய் ஒரு டப்பா. நல்ல திரட்சியான காய். என் சொந்தத் தங்கைக்குக்கூட அந்த ரகத்தை நான் கொடுத்ததில்லை. மகள் போனில் சொன்னாள்: "அம்மா அத மொத்தமா டீயில தட்டிப் போட்டுக் கரையில எல்லாருக்கும் குடுத்துட்டாங்க. ஒரே நாள்ல டப்பா காலி. வலைக்காரங்க எல்லாம் இன்னும் கேக்குறாங்க."

"உனக்குன்னு அனுப்புனேன்" என்றேன்.

"நானும்தான் குடிச்சேன்" என்றாள்.

வீட்டுக்காரரிடம் சொன்னால் சிரிப்பார். சொல்லவில்லை. மலைக்குப் போனால் காய் எடுக்கிற பெண்களிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன்.

ஒருநாள் புது நம்பரிலிருந்து போன் வந்தது. "மைனி, பயப்படாதீங்க. பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுட்டு. இப்ப கஞ்சி குடிச்சிட்டுத் தூங்குதா" என்றது ஒரு குரல். அந்த அம்மாதான்; அண்ணியை அந்தப் பக்கம் மைனி என்பார்கள். காய்ச்சல் வந்ததே எனக்குத் தெரியாது. மகள் சொல்லவேயில்லை. முந்தின நாள்கூடப் பேசினாளே, நல்லா இருக்கேன்னாளே. "நீங்க மலையில இருப்பீங்க, பதறுவீங்கன்னு சொல்ல வேண்டாம்னுட்டா. எனக்குத்தான் மனசு கேக்கல" என்றார் அவர். நல்ல மனுஷிதான். அந்த நல்ல குணம்தான் எனக்குப் பொறுக்கவில்லை. என் பிள்ளை நெற்றியில் ஈரத்துணி போட்டது யார், பக்கத்தில் படுத்தது யார் என்றெல்லாம் கேட்க வாய்வரை வந்தது. கேட்காமல், "நாளைக்கு நான் வர்றேன்" என்றேன்.

மதுரைக்கு ரயில், அங்கிருந்து பஸ்சு, பிறகு இன்னொரு பஸ்சு. போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் திரும்பியிருந்தது. வாசலில் என் மகள் உட்கார்ந்திருந்தாள். பின்னால் அந்த அம்மா உட்கார்ந்து அவளுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தார். எண்ணெய் வைத்து, வகிடு எடுத்து, இறுக்கிப் பின்னி. பத்தாம் வகுப்புக்குப் பிறகு என் மகள் தன் தலையை என்னிடம் கொடுத்ததே இல்லை. "வலிக்குதும்மா, விடு, நானே போட்டுக்கிறேன்" என்பாள்.

"வாங்க மைனி, வாங்க" என்று அவர் எழுந்தார். மகள் எழுந்து என்னைக் கட்டிக்கொண்டாள். மெலிந்திருந்தாள், கறுத்திருந்தாள், முகம் தெளிவாக இருந்தது. கொடியில் அவளுடைய சுடிதாரும் அந்த அம்மாவின் சேலையும் பக்கத்தில் பக்கத்தில் காய்ந்தன.

சாயங்காலம் என்னைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனார்கள். நான் அகலமான மணல்வெளி ஒன்றை நினைத்துக்கொண்டு போனேன். அங்கே இருந்தது ஒரு ஒடுக்கமான மணல்பட்டை. அதற்குப் பின்னால் கருங்கல் குவியல். மிச்சமிருந்த அந்த இடத்துக்குள்தான் எல்லாமே நெருக்கியடித்துக் கிடந்தது. படகுகள் ஒன்றோடொன்று ஒட்டி நின்றன. இடையில் விரித்த வலைமேல் நெத்திலி காய்ந்தது. அதைத் தாண்டிப் பையன்கள் பந்து உதைக்க, மீன்மேல் மணல் தெறிக்கிறது என்று பெண்கள் வைதார்கள். பஜ்ஜிக் கடைக்கு முன்னால் வெளியூர்க் கார்கள் இரண்டு நின்றன. செல்பி எடுக்க வந்தவர்கள் படகுமேல் ஏறியதற்கு ஒருவர் சத்தம் போட்டார்.

"ஏ ஏலக்காப் புள்ள, காய்ச்சல் விட்டுட்டா?" என்று ஒரு கிழவர் வலையிலிருந்து தலை தூக்கிக் கேட்டார். இன்னும் இரண்டு பேர் அதே பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். எங்கள் தோட்டத்துக் காயின் பேரை அந்த ஊர் என் மகளுக்கு வைத்திருந்தது. கேட்க இனிமையாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பேரை அவளுக்கு வைக்க எனக்குத் தோன்றவில்லையே என்றும் இருந்தது.

"இவங்கதான் ஏலக்காப் புள்ளையோட பெத்த அம்மா" என்று வீட்டுக்கார அம்மா என்னை எல்லோருக்கும் அறிமுகப்படுத்தினார். பெத்த அம்மா. அப்படியொரு சொல்லை முன்னால் சேர்த்துச் சொல்ல வேண்டியவளாக நான் ஆகியிருந்தேன்.

மகள் என்னை நடத்திக்கொண்டே போய், அலைக்குள் கையை நீட்டிக் காட்டினாள். "அந்தா அந்த அலை உடையுது பாரு, அங்க வரைக்கும் முன்னாடி மணல் இருந்துச்சாம். அம்மா சின்னப் பிள்ளையா இருக்கப்ப அங்கதான் பாண்டி வெளயாடுவாங்களாம்." தண்ணீரைப் பார்த்து அவள் கண்கள் பளபளத்தன. நான் சின்னப் பிள்ளையாக எங்கே விளையாடினேன் என்று அவள் என்னிடம் கேட்டதே இல்லை.

மறுநாள் காலையில் ஊர்க்கூடத்தில் கூட்டம் இருந்தது. மணல் கொட்டிய பிறகு எந்த இடத்தில் என்ன வரும் என்கிற படத்தைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். அதிகாரி ஒருவர் வந்திருந்தார். படத்தை விளக்கியது என் மகள். நான் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். மஞ்சள், பச்சை, நீலம் என்று கட்டம் கட்டமாக இருந்தது. மணல் கொஞ்ச நாள் இறுகுவதற்காக யாரும் இறங்கக் கூடாது, அப்புறம் தென்பக்கம் படகு, நடுவில் விளையாட்டு மைதானம், வடக்கே வெளியூர்க்காரர்களுக்குக் கார் நிறுத்தமும் நடைபாதையும் என்று அவள் சொல்லிக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்கார அம்மா எழுந்தார். "மீன் காயப்போடுற எடம் எங்கட்டி?"

"கல்லுக்குப் பின்னால, ரோட்டோரமா குடுத்திருக்கும்மா."

"ரோட்டோரமா? மண்ணும் புகையும் அடிக்கிற எடத்துல காயப்போட்ட மீனை நீ திம்பியா? எங்க வீட்டுச் சோத்தத் தின்னுக்கிட்டு, எங்க எடத்தையே பந்தடிக்கக் குடுத்துட்டு வந்து நிக்க?"

மகளின் முகம் சிவந்தது.

இதைக் கேட்டபோது எனக்கு என்ன இருந்தது என்றால், சந்தோஷம். உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. பார்த்தாயா, இவ்வளவுதான் அந்த ஊர்ப் பாசம், நாலு முழம் இடத்துக்கு நீளாத பாசம் என்று நினைத்தேன். என் மகள் இப்போது என் பக்கம் திரும்பிப் பார்ப்பாள் என்று காத்திருந்தேன்.

அவள் என் பக்கம் திரும்பவில்லை. அந்த அம்மாவைப் பார்த்து, "பந்தடிக்கக் கேட்டது யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றாள். குரல் நடுங்கினாலும் உயர்ந்துதான் இருந்தது. "ஸ்கூல்ல படிக்கிற பொம்பளப் பிள்ளைங்க கேட்டாங்க. பையங்க அவங்கள எறங்கவே விடுறதில்ல. நீங்க மீனக் காயப்போட்டு உக்காந்து பேசுறப்ப, இந்தப் பக்கம் வராதீங்கன்னு நீங்களும் வெரட்டுறீங்க. அவங்களும் இந்த ஊருதான்."

"நீ வந்து எனக்கு ஊரு எதுன்னு சொல்லித் தருவியோ?"

"கேட்டதத்தான் சொல்றேன். நீங்க வெரட்டுனத நானே பாத்தேன்."

இரண்டு பேரும் விடவில்லை. அதிகாரி தண்ணீர் குடித்தார். அந்த அம்மா கடைசியில் முந்தானையை உதறிவிட்டு வெளியே போனார்.

வீட்டுக்குத் திரும்பியதும் நான் மகளிடம் மெதுவாகச் சொன்னேன். "போதும்டி இந்தப் பேச்சு. ஊர்ல வேற வீடு பாப்போம். இல்ல, லீவு சொல்லிட்டு எங்கூட வா, போடிக்குப் போயிருவோம்." அவள் பதில் சொல்வதற்குள் அந்த அம்மா அடுக்களையிலிருந்து தட்டோடு வந்தார். தட்டை மகள் முன்னால் டக்கென்று வைத்தார். சோறு, குழம்பு, வறுத்த மீன். வைத்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்.

"பெரிய ஞாயம் பேசுத. நெத்திலி காயலேன்னா மழைக்காலத்துல எவன் சோறு போடுவான்? சொல்லு பாப்பம்."

"நான் ஒண்ணும் காய வேண்டாம்னு சொல்லல" என்றாள் மகள், சோற்றைப் பிசைந்துகொண்டே.

"மீனை எடுத்துத் தின்னு. ஆறிரும்."

"தின்னுட்டுத்தான் இருக்கேன். நீங்க மொதல்ல அந்தப் பிள்ளைங்களுக்குப் பதில் சொல்லுங்க."

நான் நடுவில் புகுந்தேன். "காய்ச்சக்காரப் பிள்ளையச் சாப்பிடயிலதான் வையணுமா?" என்றேன் அந்த அம்மாவைப் பார்த்து. கொஞ்சம் காட்டமாகவே கேட்டேன்.

என் மகள் சட்டென்று என்னைத் தடுத்தாள். "நீ சும்மா இரும்மா. இது எங்களுக்குள்ள."

அந்த அம்மா எனக்கும் ஒரு தட்டை வைத்து, "நீங்க சாப்பிடுங்க மைனி, அவ இப்படித்தான்" என்றார். என் மகள் எப்படி என்று எனக்கே சொல்கிறார்.

வீட்டில் என்னோடு அவள் ஒருநாளும் இப்படிச் சண்டை போட்டதில்லை. பிடிக்காத ஒன்றை நான் சொன்னால், "சரிம்மா" என்பாள். எழுந்து அறைக்குள் போய்விடுவாள். அவ்வளவுதான். அமைதியான பிள்ளை, அடக்கமான பிள்ளை என்று ஊரெல்லாம் நான் மெச்சிக்கொண்டது அதைத்தான். இங்கே ஒரு மீன்காரி முன்னால் அவள் வாய் ஓயாமல் எதிர்த்துப் பேசுகிறாள், பேசிக்கொண்டே அவர் போட்டதைத் தின்கிறாள், அவரும் விடாமல் வைகிறார், வைதுகொண்டே இன்னொரு மீனை எடுத்து வைக்கிறார். தலை சீவியதைப் பார்த்தபோதுகூட எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை.

மறுநாள் காலையில் நான் எழுந்தபோது வீட்டில் யாரும் இல்லை. கரையில் போய்ப் பார்த்தேன். இரண்டு பேரும் மணலில் குச்சியால் கோடு போட்டுக்கொண்டு நின்றார்கள். பள்ளிக்கூடப் பெண்கள் சிலரும் இருந்தார்கள். காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கும், மீன் எங்கே காய்ந்தால் மணல் தெறிக்காது என்று பேச்சு ஓடியது. கடைசியில், கார் நிறுத்தத்தைச் சாலைக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டு, அந்த இடத்தைப் பெண்பிள்ளைகள் விளையாடக் கொடுப்பது, மீன் காயப்போடும் இடத்தை நடுவிலேயே விட்டுவிடுவது என்று முடிவானது. பையன்களைக் கேட்காமல் முடிவெடுத்துவிட்டார்களே என்று எனக்குத் தோன்றியது. என்னை யார் கேட்டார்கள்? அன்று மத்தியானமே ஊருக்குக் கிளம்பிவிட்டேன். பஸ்சு ஏற்றிவிட இருவரும் வந்தார்கள். அந்த அம்மா ஒரு பொட்டலம் கருவாடு கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

புதுப் படத்தில் பாதியை ஆபீசில் ஒப்புக்கொண்டார்களாம். கார் நிறுத்தம் முழுதாக நகரவில்லை, சுருங்கியது. சில மாதம் கழித்துக் கப்பல் வந்தது. மகள் வீடியோவில் காட்டினாள். பெரிய இரும்புக் குழாயின் வாயிலிருந்து கறுப்புத் தண்ணீரும் மணலுமாகக் கொட்டியது. ஊரே கல்லின் மேல் ஏறி நின்று பார்த்தது. வெயில் பட்டுக் காயக் காய அது வெளுத்துவிடும் என்றாள். அப்படியே வெளுத்தது. அடுத்து வந்த மழைக்காலத்தில் வடக்கு ஓரத்தில் கொஞ்சத்தைக் கடல் திரும்ப எடுத்துக்கொண்டது. "இது ஒரு தடவ கொட்டுனா முடியிற சோலி இல்லம்மா. கொட்டிக்கிட்டே இருக்கணும்" என்றாள். அவளைச் சென்னைக்கு மாற்றினார்கள். அங்கிருந்து லீவு கிடைத்தால் முதலில் அந்த ஊருக்குப் போய்விட்டுத்தான் போடிக்கு வருவாள். வழியில்தானே இருக்கிறது என்பாள். வழியில் இல்லை.

போன முறை வந்தபோது, அவளாகவே மலைக்கு வருகிறேன் என்றாள். எங்கள் தோட்டத்தின் மேல்கோடியில் ஒரு புல்மேடு இருக்கிறது. அங்கே நின்றால் போடிப் பள்ளத்தாக்கு முழுதும் கீழே தெரியும். அந்த மேட்டைக் குத்தகைக்குக் கேட்டு ஒரு ஆள் வந்திருந்தார். சனி ஞாயிறு வரும் வெளியூர்க்காரர்களுக்குக் கூடாரம் போடப் போகிறாராம். நான் அநேகமாகச் சரி என்று சொல்லியிருந்தேன். மகளிடம் அதைச் சொன்னேன்.

அவள் மேட்டைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வந்தாள். "காய் எடுக்குறவங்க மத்தியானம் இங்கதானம்மா உக்காந்து சாப்பிடுறாங்க. அவங்க எங்க போவாங்க?"

"ஸ்டோர் பக்கம் உக்காரட்டும்."

"அந்தப் புகையிலயா? நீ உக்காருவியா?"

"இந்த மலைய உனக்கென்னடி தெரியும்? வருசத்துக்கு ஒருநா வர்றவ."

வழக்கமாக இந்த இடத்தில் அவள் "சரிம்மா" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவாள். அன்று நகரவில்லை. "நீ என்னைக்காச்சும் எனக்குச் சொல்லிக் குடுத்தியா? வயித்தப் பொரட்டும், கீழயே இருன்னுதான சொன்ன? மலை உன்னோடதுன்னே வச்சுக்கிட்ட" என்றாள். குரல் உயர்ந்தது. செடிகளுக்கு நடுவில் காய் எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டார்கள். "எம்புட்டு வாய் பேசுற நீ" என்று நானும் கத்தினேன். இருவரும் நன்றாகக் கத்தினோம். எனக்கு உள்ளே ஒரு ஓரத்தில், நிறுத்திவிடாதே, இன்னும் பேசு, இன்னும் பேசு என்று இருந்தது.

அவள் கோபத்தோடு மேட்டின் உச்சிக்குப் போய் நின்றாள். அங்கேதான் போனுக்கு சிக்னல் கிடைக்கும். யாருக்கோ போன் போட்டாள். "அம்மா, எங்கம்மாகிட்ட சண்ட" என்று தொடங்கினாள். நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள், நான் சொன்னதையும் சேர்த்து, என் குரலிலேயே. பிறகு கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு சிரித்தாள்.

நான் செடி ஒதுக்குவதுபோல அங்கேயே நின்றிருந்தேன். அவள் இறங்கி வந்ததும், "என்ன சொன்னா?" என்று கேட்டேன்.

"உங்கம்மா பக்கமும் ஞாயம் இருக்கு, தோட்டத்துக்கு ஒரு வரும்படி வேண்டாமா, கோவப்படாம பேசுன்னு சொன்னாங்க."

கூடாரக்காரருக்கு இந்த வருசம் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் எனக்காக என் மகளிடம் அந்த அம்மா ஏன் பரிந்து பேச வேண்டும் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆறவில்லை.